இடது இமை

மார்ச் 3, செவ்வாய்

லென்ஸ் சோதனை முடிந்தது. தோற்றுவிட்டேன்.

நான் கேட்டது பழைய லென்ஸ்கள். முகத்தின் ஓரங்களைக் கொஞ்சம் கரைத்துவிடுகிற, வெளிச்சம் பட்டால் லேசாகப் பூக்கிற வகை. தயாரிப்பாளர் கேட்டது புத்தம்புது லென்ஸ்கள். கேமராவும் ஆறு கே. அகலவாக்கில் மட்டும் ஆறாயிரம் புள்ளி. "படத்தை வாங்குற கம்பெனிக்காரன் ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியாத் தெரியணும்ங்கறான். நான் என்னம்மா பண்ண?" என்றார். டைரக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் மாறி மாறித் தலையாட்டினார்.

சோதனைக்குப் பெரியவரே வந்து உட்கார்ந்தார். படத்தின் கதாநாயகர், ஐம்பத்தெட்டு வயது. யூனிட்டில் எல்லாருக்கும் அவர் பெரியவர்தான். மானிட்டரில் தன்னைப் பார்த்துவிட்டு, "இது என் மூஞ்சியா, இல்ல ரோடு போடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய என்னைச் சொன்னதே அவர்தான். பதினோரு வருஷமாக விளம்பரம், கல்யாணம், கம்பெனிப் படம் என்று ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். அவர் நடித்த ஒரு சோப்பு விளம்பரத்தை எடுத்தேன். அதை நினைவில் வைத்திருந்து, "அந்தப் பொண்ணையே போடுங்க" என்றாராம். நாற்பத்தொரு வயதுப் பொண்ணு.

நாற்பத்தெட்டு நாள் படப்பிடிப்பு. மலை மேல் ஒரே ஓட்டல். நடுவில் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டாயிற்று.

மார்ச் 9, திங்கள்

அறை எண் 207. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். போன் சிக்னல் குளியலறை வாசலில் மட்டும்தான். தங்கச்சியிடம் பேச, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நிற்க வேண்டியிருக்கிறது.

"என்னக்கா, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு?"

அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. நாளை முதல் நாள்.

மார்ச் 14, சனி

ஐந்தாம் நாள். காலையில் எடுத்த க்ளோசப்பும் மாலை ஐந்துக்கு எடுத்த க்ளோசப்பும் ஒட்டவில்லை. ஒரே சட்டை, ஒரே லென்ஸ், ஒரே விளக்கு. ஆனாலும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் மாதிரி இருக்கிறது. டைரக்டருக்குப் பிடித்திருக்கிறது. "சாயங்காலம் எடுத்ததுல ஒரு சோகம் வந்திருக்கு, பாத்தீங்களா?"

சோகம் ஒரு கண்ணில் மட்டுமா வரும்?

மார்ச் 16, திங்கள்

இன்று அங்குலத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் போகஸ் உதவியாளர். முப்பது வருஷ அனுபவம். எதையும் அங்குலத்தில்தான் சொல்வார். "டீக்கடையா? இங்கேர்ந்து ஆயிரத்து இருநூறு அங்குலம் மேடம்." அதனால் அந்தப் பெயர்.

மானிட்டரில் ஒரு கண்ணை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். ஆறு கே என்பதால் பெரிதாக்கினாலும் கலையவில்லை, கத்தி மாதிரி நிற்கிறது. காலையில் எடுத்ததில் இடது இமை கருவிழிக்கு மேலே இருக்கிறது. மாலையில் கண் பாப்பாவைத் தொடும் அளவுக்கு இறங்கிவிட்டது. கண் சிமிட்டும்போது வலது இமை பட்டென்று மேலேறுகிறது. இடது இமை, சிக்கிக்கொண்ட கடை ஷட்டர் மாதிரி, பாதியில் நின்று பிறகு மெதுவாக ஏறுகிறது. சாதாரண டிவியில் இது யாருக்கும் தெரியாது. எதிரில் நின்று பேசினாலும் தெரியாது. தூக்கக் கலக்கம் என்று நினைப்போம்.

"போகஸ் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றார் அங்குலம். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு மூணு நாளாத் தெரியும்" என்றார்.

"ஏன் சொல்லலை?"

"தூரத்தை அளக்கறது என் வேலை. முகத்தை அளக்கறது உங்க வேலை."

மார்ச் 17, செவ்வாய்

எட்டாம் நாள். சாப்பாட்டு இடைவேளையில் பெரியவர் என்னைத் தன் கேரவனுக்குக் கூப்பிட்டார். உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எத்தனை நாளாப் பாக்கறீங்க?"

"எதை சார்?"

"நடிக்கறது என் வேலைம்மா. நீங்க நடிக்காதீங்க."

அவரே சொன்னார். நாலு மாதமாக இப்படி இருக்கிறதாம். காலையில் ஒன்றும் தெரியாது. பொழுது சாயச் சாய இமை இறங்குகிறது. கண்ணாடிக் கடையில் காட்டி ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். டாக்டரிடம் போகவில்லை. போனால் கையில் ஒரு சீட்டு வரும், சீட்டு வந்தால் பேச்சு வரும் என்கிறார்.

"போன படத்துல முட்டி வலிக்குதுன்னு ஒரே ஒரு நாள் லீவு கேட்டேன். ரெண்டாவது வாரம் என் இடத்துல வேற ஆள் நிக்கறான். முட்டிக்கே அப்படின்னா கண்ணுக்கு என்ன பண்ணுவாங்க?"

பிறகு கேட்டார். க்ளோசப்பையெல்லாம் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். முடியாதபோது கேமராவை அவருடைய வலது பக்கமாக வைக்க வேண்டும். "மிச்சத்துக்கு, அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, மழுப்பற லென்ஸ்... அதைப் போட்டுடுங்க. கண்ணாடியில தெரியாததை உங்க கேமரா காட்டிக் குடுக்குது. அதை நீங்கதான் அடக்கணும்."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

"சரி சார்" என்றேன்.

மார்ச் 18, புதன்

ஏன் சரி என்றேன்? அவர் சொல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. அதெல்லாம் ஒரு காரணமா? — அதுதான் காரணம்.

மார்ச் 20, வெள்ளி

அங்குலத்தின் பெட்டியில் ஒரு பழைய லென்ஸ் இருக்கிறது. சின்ன ஃபிலிமுக்காக ஒரு காலத்தில் செய்தது. இப்போதைய கேமராவில் மாட்டினால் நடுவில் மட்டும் வட்டமாகப் படம் விழுகிறது, சுற்றிலும் இருட்டு. அந்த நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாயிரம் புள்ளி இரண்டாயிரம் ஆகிவிடும். ஆனால் முகம் — அப்படியே வெண்ணெய்.

டைரக்டரிடம், "சாயங்காலக் காட்சியெல்லாம் அவரோட மனசுக்குள்ள நடக்கற மாதிரி இருக்கணும், அதுக்கு இந்த லென்ஸ்தான்" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ. அவர் எழுந்து வந்து கை குலுக்கினார். இந்த யோசனைக்காகவே என்னைப் பற்றிப் பத்திரிகையில் சொல்லப் போகிறாராம்.

பெரியவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் என் அறைக்கு ஒரு கூடைப் பழம் வந்தது.

மார்ச் 24, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். மாட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்றுத் தயாரிப்பாளர் போன் செய்தார். எடுத்ததைச் சரிபார்க்கிற லேபிலிருந்து புகார். "பாதி க்ளோசப் ரெண்டு கேதான் இருக்காமே? நான் ஆறு கேவுக்கு வாடகை குடுத்துட்டு இருக்கேன்!" பெரிதாக்கிக் கொடுத்துவிடலாம், இப்போது அதற்கு நல்ல மென்பொருள் இருக்கிறது என்று சமாளித்தேன். லேபில் ஒரு ஷாட்டைப் பெரிதாக்கி இன்று அனுப்பியிருந்தார்கள்.

வெறுமனே இழுத்துப் பெரிதாக்கினால் படம் கலங்கிப் போகும். இந்த மென்பொருள் கலங்கவிடுவதில்லை. இல்லாததைத் தானாக யோசித்து நிரப்புகிறது. அவருக்கு இல்லாத கண்ணிமை மயிர்களை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறது. கன்னத்தில் வேறு யாருடையதோ தோல். அது மட்டுமில்லை. மனித முகம் என்றால் இரண்டு கண்ணும் ஒன்று போல இருக்கும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இடது இமையின் கோட்டை மேலே தூக்கி வரைந்துவிட்டது. இரண்டு கண்ணும் சமம். விழிப்பான, திடமான முகம்.

அந்தப் படத்தில் அவருக்கு ஒரு நோயும் இல்லை.

"பிரமாதம்மா! இப்படியே பண்ணிடுங்க" என்கிறார் தயாரிப்பாளர். எல்லாருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் 207-க்குள் மூச்சு முட்டுகிறது. கேமரா பார்த்ததை லென்ஸ் மறைத்தது, லென்ஸ் விட்டுவைத்த மிச்சத்தைக் கம்ப்யூட்டர் துடைத்துவிட்டது. இனி அந்த மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்று உலகத்தில் யார் சொல்வார்கள்? நான் ஒருத்தி. நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

குளியலறை வாசலில் நின்று தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் நரம்பியல் வார்டில் நர்ஸ். யூனிட்டில் ஒருத்தருக்கு இப்படி என்று மட்டும் சொன்னேன். உடனே அவள் குரல் மாறிவிட்டது, வேலைக் குரல்.

"சாயங்காலம்தான் அதிகமாகுதா? எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதா? சாப்பிடும்போது மென்னுட்டே நடுவுல நிறுத்தறாரா? தாடையைக் கையால தாங்கிக்கறாரா?"

"தெரியல."

"பாரு. அக்கா, போன்ல வியாதி சொல்ல நான் டாக்டர் இல்ல. ஆனா இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. மருந்து இருக்கு, நல்லாவே கேக்கும். கவனிக்காம விட்டா முழுங்கறதுக்கும் மூச்சு விடறதுக்குமே கஷ்டமாயிடும். யாருக்கா அது?"

லைன் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் போகவில்லை.

மதியம் பார்த்தேன். நாலு வாய் சாப்பிட்டார். பிறகு கையைத் தாடைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, யோசிப்பவர் போல உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு அழகான போஸ்.

மார்ச் 28, சனி

கேட்டேவிட்டேன். "ரெண்டு ரெண்டாத் தெரியுதா சார்?"

சிரித்தார். "இப்பவே உங்களை ரெண்டு பேராத்தான் பாக்கறேன். ரெண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேக்கறீங்க."

நான் சிரிக்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி கார் காட்சி. மலைப்பாதையில் அவரே ஓட்டுகிறார். பக்கத்து இருக்கையில் தோளில் கேமராவோடு நான். பின்னால் அவர் மகளாக நடிக்கிற பெண்ணும் அங்குலமும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

மார்ச் 30, திங்கள்

டைரக்டரிடம் போனேன். காரை ஒரு வண்டியின் மேல் ஏற்றி இழுத்துக்கொண்டு போய் எடுக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆளை ஓட்டச் சொல்லி, முகத்தை நிறுத்திய காரில் தனியாக எடுக்கலாம் என்றேன்.

"அப்ப இந்தக் காட்சியே எதுக்கு? ஓட்டறவர் முகமும் ஓடற ரோடும் ஒரே ஷாட்ல வேணும். அதுக்குத்தானே அகல லென்ஸ் போடறோம்? உங்களுக்கு மலைப்பாதைன்னா பயமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

பெரியவரிடம் போனேன். "நீங்க ஓட்டக் கூடாது சார். முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. என் தங்கச்சி—"

"காலையில எடுத்துடுவோம்மா. காலையில நான் ராஜா."

"காலையில எடுக்க முடியாமப் போனா?"

நிமிர்ந்து பார்த்தார். "நான் சொல்லித்தான் நீங்க இந்தப் படத்துக்கு வந்தீங்க. அதை நான் என்னைக்கும் சொல்லிக் காட்ட மாட்டேன்."

சொல்லிக் காட்டியாகிவிட்டது.

எங்கே திரும்பினாலும் சுவர். ஜன்னலுக்கு வெளியிலும் அதேதான்.

ஏப்ரல் 1, புதன்

நாளை காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம். பனி மட்டும் இல்லாமல் இருக்கட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

எழுதிவிட்டால் தூக்கம் வருமா பார்க்கலாம்.

பனி. காலை ஆறரைக்கு, முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கே தெரியவில்லை. ஒன்பது, பதினொன்று, ஒன்று. எல்லாரும் ரோட்டோரமாக நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். பெரியவர் கேரவனை விட்டு வெளியே வரவேயில்லை. நான் மனசுக்குள் பனியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன் — போயிடாதே, இன்னும் இரண்டு மணி நேரம் இரு, அப்புறம் வெளிச்சம் போயிடும், இன்னிக்குத் தப்பிச்சுடலாம்.

மூன்றே முக்காலுக்குத் திரையை விலக்கினது மாதிரி விலகியது. மலை முழுக்க வெயில். டைரக்டர் குதித்தார். "ஓடுங்க ஓடுங்க, அரை மணி நேரம்தான்!"

பெரியவர் வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். அகல லென்ஸ், அவர் முகம் என்னிடமிருந்து மூன்றடி. பின்னால் அந்தப் பெண் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கல்லூரியை இந்த வருஷம்தான் முடித்ததாம். அங்குலம் "முப்பத்தாறு அங்குலம்" என்றார். டைரக்டர் பின்னால் வருகிற வேனில், மானிட்டரோடு.

என்ஜினைக் கிளப்பினார். வியூஃபைண்டரில் அவர் முகம். இடது இமை பாப்பாவைப் பாதி மூடியிருந்தது. ரோட்டைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு — இடது கண்ணை முழுக்க மூடிக்கொண்டார். ஒரு கண்ணை மூடினால்தானே ரோடு ஒன்றாகத் தெரியும்? இரண்டு ரோட்டில் எது நிஜம் என்று தெரியாமல் ஒன்றை மூடிவிட்டார்.

கை நீட்டி என்ஜினை நிறுத்தினேன். சாவியை உருவிக்கொண்டேன்.

வாக்கி-டாக்கியில் டைரக்டர்: "என்னாச்சு? ஏன் நின்னுடுச்சு? கேமராவா?"

அந்த ஒரு நொடி. ஆமாம், கேமரா என்று சொன்னால் போதும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெரியவரும் அதைத்தான் எதிர்பார்த்து என்னைப் பார்த்தார். லேசாகத் தலையைக்கூட ஆட்டினார், சொல்லு என்பது போல. இன்று தப்பிக்கலாம். நாளைக்கு? நாளன்னைக்கு?

"கேமரா இல்ல" என்றேன். "அவருக்குக் கண்ணு சரியில்ல. எல்லாம் ரெண்டாத் தெரியுது. பதினாறாம் தேதியிலேர்ந்து எனக்குத் தெரியும். இவர் வண்டி ஓட்ட நான் விட மாட்டேன்."

பின்னால் பாட்டு நின்றது.

பெரியவர் கத்தவில்லை. திட்டவில்லை. "நீங்களா" என்றார். அவ்வளவுதான். கதவைத் திறந்து இறங்கினார். தரை எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்து இறங்கினார். வேனிலிருந்து ஓடிவந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 3, வெள்ளி

தயாரிப்பாளர் காலையிலேயே வந்துவிட்டார். ஓட்டலின் சாப்பாட்டு அறையில், எல்லார் முன்னாலும்.

"தெரிஞ்சும் மறைச்சிருக்கீங்க. லென்ஸை மாத்தி மறைச்சீங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல பூசி மெழுகினீங்க. நானும் பிரமாதம் பிரமாதம்னேன், என்னை விட முட்டாள் உண்டா?"

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். படப்பிடிப்பு நிறுத்தம். நான் படத்தில் இல்லை. பெரியவர் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அங்குலம்தான் என் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். "உங்க வீடு இங்கேர்ந்து எத்தனை அங்குலம்னு பாத்துட்டு இருக்கேன் மேடம். வரமாட்டேங்குது." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை.

ஏப்ரல் 9, வியாழன்

வீடு. ஆறு நாளாக வெளியே போகவில்லை. நோயாளியை நடுரோட்டில் காட்டிக் கொடுத்தவள் என்று பாதிப் பேர் பேசுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மறைத்தவள் என்று மீதிப் பேர். இரண்டும் நான்தான். யாரிடம் போய் எதை மறுப்பது?

தங்கச்சி ஒரே ஒரு முறை கேட்டாள். "அன்னைக்கு லைன் போகல இல்ல?"

"போகல."

தட்டில் சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பெரியவருக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டாக்டரிடம் போனாரா? கோபத்தில் போகாமலே இருந்துவிட்டால்? அப்படியானால் நான் செய்தது எதற்கு?

ஏப்ரல் 21, செவ்வாய்

தங்கச்சி டியூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வார்டுல ஒருத்தர் வந்து சேர்ந்திருக்கார். முழுங்க முடியாம வந்தார். நாலு நாளாச்சு. இன்னைக்கு நர்ஸுங்களையெல்லாம் சிரிக்க வெச்சுட்டு இருக்கார். யாருன்னு நான் சொல்லக் கூடாது."

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு, அது ஓடுகிற சத்தத்தில் நின்றேன்.

மே 12, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் கம்பெனிக்கு ஒரு படம். நாலு நிமிஷம். மோட்டாருக்கு ஒப்பனை வேண்டாம், மறு டேக் வேண்டாம், அதற்குக் கோபமும் வராது. வேலை என்று ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் நல்லது.

ஜூன் 5, வெள்ளி

காலை பத்தரைக்கு ஒரு புது எண்ணிலிருந்து போன். அந்தப் படத்தை இப்போது எடுக்கிற ஒளிப்பதிவாளர். நாலு நாளாக மறுபடியும் படப்பிடிப்பு நடக்கிறதாம். பெரியவரை மாற்றவில்லையாம். கார் காட்சியை வண்டி மேல் ஏற்றித்தான் எடுத்தார்களாம்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க மேடம். ஐயாவோட க்ளோசப்பைப் பத்தி உங்ககிட்டக் கேக்கணும். ஐயாதான் கேக்கச் சொன்னார்."

உட்கார்ந்துகொண்டேன். "என்ன சொன்னார்?"

"'அந்தம்மாவைக் கேளுங்க, என் முகம் அவங்களுக்குத் தெரியும்'னார். வேற ஒண்ணும் சொல்லல."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புது லென்ஸையே போடுங்கள், அவர் முகம் தாங்கும். ஆறு கேவை வெட்ட வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். விளக்கை நேர் எதிரில் வைக்காதீர்கள், கண் கூசினால் சீக்கிரம் களைத்துப் போகும். இரண்டு டேக்குக்கு மேல் போகாதீர்கள். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

பிறகு தயங்கினேன். எவ்வளவு சொல்லலாம் என்று தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறார்னா, அதுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு எடுங்க. ஆனா நான் சொன்னதா யார்கிட்டயும்..." என்றேன்.

"அதை ஐயாவே முதல் நாள் சொல்லிட்டாரே மேடம். எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, என்ன வியாதி, எப்ப மாத்திரை, எப்ப இமை இறங்கும்னு ஒண்ணு விடாம."

"எல்லாரையுமா?"

"டிரைவர்லேர்ந்து சமையல்காரர் வரைக்கும்."